விப் ஃபினிஷ் எங்கே பிரிகிறது? கையால் முடித்தாலும் கருவியால் முடித்தாலும் வரும் கோளாறுகள்

மீன் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகையும் ரோமத்தையும் நூலால் கட்டிச் செய்யும் பொய்ப்பூச்சிதான் ஃப்ளை. ஒரு ஃப்ளையில் வால், உடல், இறகு என்று எத்தனை இருந்தாலும் அத்தனையையும் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே நூல். அந்த நூலை முடிக்கும் கடைசி நான்கைந்து சுற்றுதான் விப் ஃபினிஷ். அது பிரிந்தால், அரை மணி நேரம் கட்டியது தண்ணீரில் பத்து நிமிடம்கூடத் தாங்காது. புதிதாகக் கட்டப் பழகுகிறவர்கள் முதலில் கேட்பது, "கையால் முடிக்கலாமா, கருவி வாங்கலாமா?" என்றுதான். நான் பதிலுக்கு இன்னொன்று கேட்பேன்: உங்கள் முடிச்சு எப்படிக் கெடுகிறது? கெடுகிற விதத்தைப் பார்த்தாலே எதில் முடிப்பது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதற்கு முன், முடிச்சு எப்படி நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடலாம். இது புரிந்தால் கீழே வரும் பாதிக் கோளாறை நீங்களே சரிசெய்துவிடுவீர்கள்.

விப் ஃபினிஷில் வழக்கமான முடிச்சு எதுவும் கிடையாது. நூல் தன்மேலேயே நான்கைந்து தடவை சுற்றி, தன் முனையைத் தன் சுற்றுகளுக்கு அடியிலேயே புதைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கிரிக்கெட் மட்டையின் கைப்பிடியில் நூல் சுற்றியிருக்குமே, அதன் முனை கண்ணுக்கே தெரியாமல் உள்ளே போயிருப்பதும் இப்படித்தான். தூண்டில் கழியில் வளையங்களைக் கட்டுவதும், கயிற்றின் நுனி பிரியாமல் நூல் சுற்றுவதும் இதே வேலை.

ஹாஃப் ஹிட்ச் என்ற ஒற்றை முடிச்சு வேறு. பூக்கட்டுகிறவர்கள் நூலை விரலில் ஒரு முறுக்கு முறுக்கி, காம்பின் மேல் மாட்டி இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒற்றை வளையத்தைத்தான் முள்ளின் கண்ணுக்கு (நரம்பு கோக்கும் துளைக்கு) மேலாகக் கொண்டுபோய், நூலை முடிக்கும் இடமான தலைமேல் மாட்டுகிறோம். தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவின் கூம்பு முனையே இதற்குப் போதுமான கருவி.

விப் ஃபினிஷில் நூல் ஒரு வளையமாகி இரண்டு கால்களாகப் பிரிகிறது. பாபினுக்கு, அதாவது நூற்கண்டைத் தாங்கும் கருவிக்கு, போகும் காலை 'கிடை நூல்' என்று வைத்துக்கொள்வோம். அது முள்ளின் தண்டோடு ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். மற்றது 'சுற்று நூல்'. அது கிடை நூலையும் தண்டையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் செய்யும் இந்த வேலையைக் கருவியில் ஒரு கொக்கியும் ஒரு வளைவும் செய்கின்றன. இரண்டிலும் சரியாகப் பிடித்தால் நூல் 4 என்ற எண்ணைக் கண்ணாடியில் பார்த்தது போலத் தெரியும்.

வெட்டிய உடனே தலை அவிழ்ந்துவிடுகிறது

கத்தரி பட்டதும் அவிழ்ந்தால் ஒரே ஒரு காரணம்தான்: கிடை நூல் புதையவில்லை. நீங்கள் போட்டது ஐந்து வெறும் சுற்று. பார்க்க அச்சு அசலாக விப் ஃபினிஷ் போலவே இருக்கும். அதுதான் ஏமாற்றுகிறது.

கருவியில் இது ஏன் நடக்கிறது என்றால், பாபினை உயர்த்த மறந்துபோவதால். கருவியில் நூலை மாட்டியதும் எல்லாருக்கும் கை பரபரக்கிறது, சுழற்ற ஆரம்பித்துவிடுகிறோம். பாபின் இன்னும் கீழேயே தொங்குகிறது. அப்போது கிடை நூல் தண்டோடு படுக்காமல் செங்குத்தாக நிற்கும். சுற்று நூல் அதன்மேல் ஏறாமல் பக்கத்தில் போய்விடும். பாபினைப் பிடித்த இடது கையைத் தண்டின் மட்டத்துக்கு, ஃப்ளையின் உடலுக்கு மேலாக, உயர்த்துங்கள். 4 என்ற வடிவம் தெரிந்த பிறகே சுழற்றுங்கள்.

கையால் முடிக்கும்போது அதே தவறு வேறு வடிவத்தில் வரும். விரல்களைத் திருப்பும்போது இரண்டு கால்களும் இடம் மாறிவிடும். முதல் சுற்றில் கிடை நூல் அடியில் இருக்கும், இரண்டாவதில் மேலே வந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் மாறி மாறி முன்னே வரும்படி மணிக்கட்டைத் திருப்பினால்தான் கிடை நூல் அசையாது.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. வெறும் முள்ளை வைஸில் (முள்ளைப் பிடிக்கும் இடுக்கியில்) மாட்டி, வெள்ளை நூலில் தலை கட்டுங்கள். முடிப்பதற்கு முன் பாபின் பக்கத்து நூலில் ஒரு விரற்கடை நீளத்துக்கு மார்க்கரால் சிவப்புத் தடவுங்கள். இப்போது விப் ஃபினிஷ் போட்டு, வளையத்தை மூடாமலே பாருங்கள். சிவப்பு நூல் சுற்றுகளுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வர வேண்டும். மேலே எங்காவது தெரிந்தால் எந்தச் சுற்றில் தவறினீர்கள் என்றும் தெரிந்துவிடும். மெல்லிய நூலில் கண் பிடிபடாதவர்கள் ஒரு பென்சிலும் ஷூ லேஸும் எடுத்துக்கொள்ளலாம். லேஸில் பத்துத் தடவை போட்டால் கைக்குப் பாடம் ஆகிவிடும். கருவி வாங்கியவர்களையும் இதை ஒரு தடவை கையால் செய்யச் சொல்வேன். வளையம் எப்படி மூடுகிறது என்று விரலுக்குத் தெரியாதவரை கருவி என்ன செய்கிறது என்பதும் புரியாது.

முதலில் நன்றாக இருந்தது, பத்து வீச்சில் அவிழ்ந்தது

இது வேறு நோய். கிடை நூல் புதைந்திருக்கிறது, ஆனால் இறுகவில்லை.

ஹாஃப் ஹிட்ச் மட்டும் போட்டு விட்டிருந்தால் காரணத்தைத் தேடவே வேண்டாம். ஒற்றை ஹிட்ச் வேலைக்கு நடுவே நூலைப் பிடித்துவைக்க நல்லது. பாபின் கை தவறி விழுந்தால் உடல் அவிழாமல் காப்பாற்றும். தலையை முடிக்க அது போதாது. வேறு வழியில்லை என்றால் மூன்று ஹிட்ச் அடுத்தடுத்துப் போட்டு, மேலே ஹெட் சிமென்ட் என்ற தலைப் பசையைத் தடவுங்கள். அப்போதும் அதை நிறுத்திவைத்திருப்பது சிமென்ட்தான்.

விப் ஃபினிஷே போட்டும் அவிழ்கிறது என்றால் நூலைப் பாருங்கள். ஜெல் ஸ்பன் என்ற பாலிஎத்திலீன் நூல் மிகவும் வலுவானது, மான் ரோமத்தைச் சுருக்கிக் கட்ட அதைப் போல வேறில்லை. ஆனால் வழுக்கும். ஐந்து சுற்று போட்ட இடத்தில் ஏழு போடுங்கள், அதையும் இரண்டு தடவை போடுங்கள். நூலில் கொஞ்சம் மெழுகு தடவினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சாதாரண நைலானிலும் பாலியஸ்டரிலும் நான்கைந்து சுற்று தாராளம்.

இன்னொரு பழக்கம் சொல்கிறேன், இது எனக்குப் பெரிய பலன் தந்தது. வளையம் மூடியதும் உடனே வெட்டாதீர்கள். பாபினைப் பிடித்து, நூல் அறுந்துவிடுமோ என்று தோன்றுவதற்கு ஒரு படி முன்வரை நிதானமாக இழுத்து, மூன்று எண்ணும் நேரம் வைத்திருங்கள். நைலான் நீளும் நூல். நீண்ட நிலையில் சுற்றியது விட்டதும் சுருங்கித் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். பிறகு வெட்டுங்கள்.

வளையம் மூடும்போது சிக்கு விழுகிறது

கையால் முடிப்பவர்களின் தலையாய புகார் இதுதான், இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

நான்கு சுற்று அழகாக விழுந்துவிடும். விரலை எடுத்து நூலை இழுக்க ஆரம்பித்ததும் வளையம் பாம்பு போலத் தன்மேல் முறுக்கிக்கொள்ளும். ஒரு சின்ன முண்டு தலைமேல் உட்கார்ந்துவிடும். இழுத்தால் அறுகிறது, விட்டால் தொளதொளவென்று நிற்கிறது.

காரணம் முறுக்கு. ஃப்ளை கட்டும் நூல்களில் பல, இழைகள் தளர்வாகக் கிடக்கும் தட்டை நூல்கள். வலது கைக்காரர் தண்டைச் சுற்றச் சுற்ற, தெரியாமலே நூலில் முறுக்கு ஏறிக்கொண்டே போகிறது. தலைக்கு வரும்போது அது கயிறு போல ஆகியிருக்கும். இழுவை இருக்கும்வரை முறுக்கு வெளியே தெரியாது. விரலை எடுத்து வளையம் தொய்ந்த அந்த நொடியில் சேர்ந்திருந்ததெல்லாம் வெளிவந்துவிடும்.

முதல் வைத்தியம், முறுக்கைக் கழற்றுவது. முடிப்பதற்கு முன் பாபினைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் சுழல்வதற்கு எதிர்த்திசையில் சுழற்றிவிடுங்கள். இடது கைக்காரர்களுக்கு மறு திசை. நூல் மீண்டும் தட்டையாகி, நாடா போல விரியும். தட்டை நூலில் தலையும் சிறியதாக வரும்.

இரண்டாவது வைத்தியம், வளையத்தைத் தொய்யவே விடாமல் இருப்பது. கடைசிச் சுற்று முடிந்ததும் விரலை உருவுவதற்கு முன் ஒரு நீள ஊசியை வளையத்துக்குள் விடுங்கள். ஊசியால் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே மறுகையால் பாபினை இழுங்கள். வளையம் சுருங்கிச் சுருங்கி ஊசி தலையில் முட்டும். அப்போது ஊசியை உருவிவிட்டு ஒரு இழுப்பு. சிக்கு விழ இடமே இல்லை.

கருவியின் உண்மையான நன்மை இங்கேதான். வேகம், அழகு என்று பலர் சொல்வார்கள். நான் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. கருவியின் கொக்கி, வளையத்தைக் கடைசி ஒரு மில்லிமீட்டர்வரை திறந்தே வைத்திருக்கிறது. ஊசி செய்த வேலையை அதுவே செய்துவிடுகிறது. உங்களுக்கு ஓயாத தொல்லை இது ஒன்றுதான் என்றால், தயங்காமல் கருவி வாங்குங்கள்.

இன்னொன்று, விரல் நுனி சொரசொரப்பாக இருந்தால் நூலின் இழைகள் தோலில் மாட்டிப் பிசிறடிக்கும். தோட்ட வேலை, தச்சு வேலை செய்கிறவர்களுக்கு இது வழக்கம். கால் தேய்க்கும் நுரைக்கல்லால் விரல் நுனியை லேசாகத் தேய்த்தால் போதும். எண்ணெயோ கிரீமோ தடவிக்கொண்டு உட்காராதீர்கள், தலையில் சிமென்ட் ஒட்டாது.

இழுக்கும்போது நூல் அறுகிறது

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால் நூலைத் திட்டாதீர்கள், உலோகத்தைப் பாருங்கள். பாபின் குழாயின் வாயில் பிசிறு இருக்கலாம். கருவியின் கொக்கியில் இருக்கலாம். கொஞ்சம் பஞ்சை எடுத்து அந்த விளிம்பில் தடவுங்கள். இழை மாட்டினால் அங்கேதான் கோளாறு. மிக நைஸான உப்புத்தாளால் நாலு தேய்ப்பு. முள்ளின் கூர் நூலைத் தொட்டிருந்தாலும் பாதி இழை ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும். முடிக்கும்போது மிச்சம் போகும்.

உலோகத்தில் குற்றமில்லை என்றால் சுற்று அதிகம். பத்துச் சுற்று போட்டால் இரட்டிப்பு உறுதி என்று நினைக்கிறோம். நூல் பத்துச் சுற்றுக்கு அடியில் உராய்ந்துகொண்டு வர வேண்டும், அதை இழுக்க அதிக பலம் வேண்டும், அந்தப் பலத்தில் அறுந்துவிடுகிறது. 70 டெனியர் என்றால் 9000 மீட்டர் நூலின் எடை 70 கிராம்தான். அத்தனை மெல்லிய நூலில் ஒரே தடவையில் பத்து வேண்டாம். நான்கு சுற்று, இறுக்கு, மறுபடி நான்கு சுற்று, இறுக்கு. முதலாவது நழுவினாலும் இரண்டாவது நிற்கும்.

கருவியிலிருந்து நூல் நழுவித் தெறிக்கிறது

சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஃபிராங்க் மட்டரெல்லி வடிவமைத்த கருவிதான் இன்று பெரும்பாலோர் கையில் இருக்கிறது, அல்லது அதைப் பார்த்துச் செய்தது. கைப்பிடிக்குள் கம்பி தானாகச் சுழலும். அதுதான் அதன் சிறப்பு, பழகாதவர்களுக்கு அதுவேதான் தொல்லை. நூலை மாட்டும்போது கம்பி சுழன்றுவிட்டால் வளைவிலிருந்து நூல் கழன்றுவிடும்.

மாட்டும்போது ஆள்காட்டி விரலால் கம்பியை அழுத்தி, சுழலாமல் பிடியுங்கள். 4 அமைந்ததும் விரலை எடுத்துவிட்டு, கைப்பிடியை மட்டும் முள்ளின் தண்டுக்கு நேர்கோட்டில் வைத்துச் சுழற்றுங்கள். கைப்பிடி சாய்ந்தால் ஒரு பக்கம் நூல் இறுகி, மறுபக்கம் தொய்யும். தொய்ந்த பக்கத்தில்தான் கழலும். இடது கையில் பாபினை இறுக்கிப் பிடிக்காமல், கருவி சுற்றும்போது நூல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்படி விடுங்கள்.

ஹேக்கிள் இழைகளும் சேர்ந்து கட்டுப்படுகின்றன

ஹேக்கிள் என்பது முள்ளைச் சுற்றி விரிந்து நிற்கும் இறகு. தண்ணீர்மேல் மிதக்கும் உலர் ஃப்ளைகளில் இது மனதை நோகடிக்கும். மிச்சிகனில் 1922இல் லென் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் என்ற ஃப்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு ஒன்று, கறுப்பு-வெள்ளை வரிபோட்டது ஒன்று என்று இரண்டு இறகைச் சேர்த்துச் சுற்றி, அது கண்ணை ஒட்டியே விரிந்து நிற்கும். 16ஆம் எண் முள்ளில் தலைக்குக் கிடைக்கும் இடம் ஒரு கடுகு அளவு. என் விரல் அந்த இடத்தில் போனால் இறகைத் தொடாமல் திரும்பாது. சிறிய முள்ளில், அடர்ந்த ஹேக்கிளில், நான் கருவிக்கே வாக்களிப்பேன். எண் கூடக்கூட முள் சிறியது என்பதை மறந்துவிட வேண்டாம். 14க்குக் கீழே பெரிய முள் என்றால் விரலே போதும்.

கருவி இருந்தாலும் இழைகளைப் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். குளிர்பான ஸ்ட்ராவை அரை அங்குலம் வெட்டி, பக்கவாட்டில் ஒரு கீறல் போட்டு, கண் பக்கமிருந்து மாட்டிவிட்டால் இழைகள் மடங்கி நிற்கும். நூல் கீறல் வழியாக வெளியே தொங்கும். ஒன்றிரண்டு இழை அப்படியும் மாட்டிவிட்டால், முடித்த பிறகு கத்தரியால் நோண்டாதீர்கள். நூலையும் வெட்டிவிடுவீர்கள். ஊசியால் மெதுவாக உருவிப் பாருங்கள், வராவிட்டால் அப்படியே விடுங்கள். மீன் எண்ணிப் பார்ப்பதில்லை.

பாராசூட் வகையில் ஹேக்கிள் முள்ளைச் சுற்றாமல், செங்குத்தாக நிற்கும் இறக்கைத் தூணைச் சுற்றிக் கிடையாக விரியும். அங்கே கண் பக்கம் முடிக்கப் போராடுவதைவிட, தூணின் அடியிலேயே முடிப்பது சுத்தம். நெதர்லாந்தின் ஹான்ஸ் வான் கிளிங்கன் தன் கிளிங்காமர் என்ற ஃப்ளையை அப்படித்தான் முடிக்கிறார். முள்ளை வைஸில் மாற்றி மாட்டி, தூண் கிடையாக வரும்படி செய்துகொண்டால், அது இன்னொரு தண்டுதான். வழக்கமான விப் ஃபினிஷ் அப்படியே போடலாம்.

சுற்றுகள் முன்னால் வழுக்கிக் கண்ணில் விழுகின்றன

இது முடிச்சின் குற்றமே இல்லை. தலைக்கு இடம் விடாமல் கட்டியிருக்கிறீர்கள். தலை செங்குத்தான கூம்பாகி, சுற்றுகள் சரிவில் இறங்கிவிடுகின்றன. கட்டத் தொடங்கும்போதே கண்ணுக்குப் பின்னால் ஒரு கண் அளவு இடத்தை வெறுமையாக விடுங்கள். இந்த ஃப்ளையைக் காப்பாற்ற வேண்டுமென்றால், சில சுற்று அவிழ்த்து, தட்டை நூலால் சரிவை மென்மையாக்கி, மூன்று சுற்றில் முடியுங்கள். சிமென்ட் கண்ணை அடைத்தால் அது காயும் முன் ஒரு கழிவு இறகைக் கண் வழியாக உருவுங்கள்.

பெரிய தலையில் கருவி எட்டவில்லை

பாரை மீனுக்காக 2/0 என்ற பெரிய முள்ளில் கட்டும் கிளவுசர் மின்னோ என்ற ஃப்ளை, அல்லது மான் ரோமத்தில் வெட்டிச் செதுக்கிய தலை. சாதாரண அளவுக் கருவியின் கழுத்து அந்த ரோமத்தில் இடிக்கும். நீண்ட கழுத்துள்ள கருவி தனியாக விற்கிறார்கள். வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. இந்த அளவில் விரல்தான் நல்ல கருவி. 140 அல்லது 210 டெனியர் நூல் தடிமனாக இருப்பதால் கைக்கு அடங்கும், சிக்கும் அரிது. மணிக்கட்டு அகலமாகச் சுற்றும், எதிலும் இடிக்காது. ஓடைக்கரையில் பை திறந்து கருவி தேட நேரமில்லாதபோதும் இந்தக் கைப்பழக்கம்தான் உதவும்.

சிமென்ட் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது

சென்னைக்காரர்களுக்கும் கடலோரத்துக்காரர்களுக்கும் இது. ஐப்பசி மழையில் காற்றிலுள்ள ஈரம், காயும் லாக்கரில் பட்டு அதை வெளுப்பாக்குகிறது. நெயில் பாலிஷுக்கும் இதே கதி. முடிச்சுக்கு ஆபத்தில்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. மெல்லியதாகத் தடவி, ஏசி அறையில் காயவிடுங்கள். சூப்பர் குளூவாக இருந்தால் மேலே ஊற்றாமல், முடிப்பதற்கு முன் நூலிலேயே ஒரு பொட்டு தடவி, உடனே சுற்றி மூடுங்கள். பசை உள்ளே போய்விடும், கண்ணும் அடைபடாது.

கையிலும் வரவில்லை, கருவியிலும் வரவில்லை

இன்று மாலையே ஒரு ஃப்ளையை முடித்தாக வேண்டுமென்றால், கழி கட்டுபவர்களின் வழி ஒன்று இருக்கிறது. விரல் வித்தை எதுவும் தேவையில்லை. வேறொரு வலுவான நூலை, அல்லது மெல்லிய நைலான் நரம்பை, இரண்டாக மடித்து வளையமாக்குங்கள். வளையத்தின் மடிப்பு கண்ணுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, இரண்டு வால்களும் உடலின் பக்கம் இருக்கும்படி தலைமேல் வையுங்கள். இப்போது பாபினால் பின்னிருந்து முன்னாக அதன்மேல் ஐந்து சுற்று, சாதாரணமாக. ஒரு சாண் விட்டு நூலை வெட்டுங்கள், இழுவையை விடாமல். வெட்டிய முனையை வளையத்துக்குள் நுழையுங்கள். பிறகு வளையத்தின் இரண்டு வால்களையும் பிடித்து, உடலின் பக்கமாக ஒரே இழுப்பு. வளையம் சுற்றுகளுக்கு அடியில் நுழைந்து, நூலின் முனையையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். முனையை இறுக்கி, ஒட்ட வெட்டிவிட்டு, தலையில் ஒரு பொட்டு சிமென்ட் வையுங்கள்.